பதினேழாம் எண் குழி

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய், மாலை ஏழு மணி.
நூலகத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் நகர மன்றம்.
ஹீட்டர் ஒரு பக்கம் வேகவைக்கிறது,
மறுபக்கம் ஜன்னல் இடுக்கு வழியே
வடக்கு டகோட்டா உள்ளே வருகிறது.
நான் குறிப்பெழுதுபவள்.
பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊர் போட்ட சண்டையெல்லாம்
'விவாதிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லில்
மடித்து வைத்தவள்.

முதலில் பூங்கா.
தகரச் சறுக்குமரம், கோடையில் தொடையைச் சுடுவது,
மாற்ற முப்பத்தோராயிரம் டாலர்.
ஊஞ்சல் சங்கிலி நான்கு.
குடிநீர்க் குழாய் ஒன்று;
உறையாத வகை என்றால் விலை வேறு.
உறைகிற வகையே போதாதா என்றார் லோயிஸ் குவாம்,
பனிக்காலத்தில் அங்கே தண்ணீர் குடிப்பது யார்?
நாய்கள், என்றார் மேயர்.
நாய்கள் என்று நான் எழுதவில்லை.

அடுத்து சாலை.
பொறியாளர் பாக்மையர் வரைபடத்தை விரித்தார்,
மூலைக்கொரு காபிக் கோப்பை வைத்து.
பனி உருகி, தார் வெடித்து,
மில் தெருவில் மட்டும் இருபத்திரண்டு குழிகள்.
ஒவ்வொன்றுக்கும் எண், ஆழம், அகலம்.
எங்கள் கல்லறைப் பதிவேடு
இவ்வளவு ஒழுங்காக இல்லை.

பணம்?
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
எங்களுடையது சுண்டுவிரல்.
தாருக்குக் கொடுத்தால் சறுக்குமரம் இல்லை,
சறுக்குமரத்துக்குக் கொடுத்தால் தார் இல்லை.
ஆளுக்குப் பாதி, என்றார் ஒருவர்.
பாதிச் சறுக்குமரம் எங்கே போய் முடியும் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

பொதுமக்கள் பேசும் நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
மடக்கு நாற்காலி முப்பது, உட்கார்ந்திருந்தவர் நால்வர்,
அதில் ஒருவர் கதகதப்புக்காக வந்தவர்.
இவெட் ட்ரோட்டியே எழுந்தாள்,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"பதினேழாம் எண் குழியை மூடாதீர்கள்."

பாக்மையர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பூங்கா வாசலில் இருக்கிறது அது.
கோதுமை லாரிகள் அங்கே மட்டும்தான் மெதுவாகப் போகின்றன.
'குழந்தைகள்' என்று பலகை வைத்தீர்கள்,
அதை ஒரு லாரியே இடித்துச் சாய்த்தது.
வேகத்தடை கேட்டேன். மூன்று வருடம் ஆகிறது.
ஆய்வுக்கு மட்டும் பதினாலாயிரம் என்றீர்கள்.
இது ஒரு சென்ட் செலவில்லாமல்
தானாக வந்திருக்கிறது.
பிள்ளைகளுக்குப் பயப்படாதவன்
அச்சு முறியுமென்று பயப்படுகிறான்.
எந்தப் பயமானால் என்ன?"

இன்னும் ஒரு நிமிடம் பத்து விநாடி இருந்தது.
அவள் உட்கார்ந்துவிட்டாள்.
அந்த மீதியில் ஹீட்டர் மட்டும் பேசியது.

மேயர் ஸ்டென்சுருட் வழக்கறிஞரைப் பார்த்தார்.
வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார்.
தெரியாத குழி என்றால் தொல்லையில்லை,
தெரிந்தே விட்ட குழி என்றால்
வழக்கு நம் வாசலுக்கு வரும், என்றார்.
எண் வேறு கொடுத்துத் தொலைத்தேனே,
என்றார் பாக்மையர், யாரிடமும் இல்லாமல்.

லோயிஸ் குவாம் தீர்மானம் கொண்டுவந்தார்:
இருபத்தொரு குழிகள் நிரப்பப்படும்.
பதினேழு, மேலும் ஆராயப்படும்.
வழிமொழிந்த கையைத் தேடினேன்.
கெர்மிட் உல்வன்.
அந்த லாரிகளில் பாதி அவருடையவை.
முகம் மேசையில் இருந்தது,
கை மட்டும் மேலே.

ஐந்துக்குப் பூஜ்யம்.
சறுக்குமரம் அடுத்த ஆண்டுக்கு.
குழாய், மலிவான வகை.

ஒன்பதரைக்கு விளக்கணைத்து, பூட்டி, வண்டி எடுத்தேன்.
மில் தெருவில் பதினேழு வந்தது,
தேங்கிய நீர்மேல் கண்ணாடித்தாள் போல் பனி.
காலைத் தளர்த்தினேன்.
ஊர்ந்து போகும்போதுதான் பக்கவாட்டில் பார்க்கிறோம்:
பூங்கா முழுக்க இருட்டு,
பழைய குழாயடியில் ஒரு நாய்,
உறைந்த சொட்டை நக்கிக்கொண்டு.